தேய்வதே அதன் தொண்டு

மோட்டார் வண்டி வைத்திருக்கும் அன்பர்கள் இருவர் சந்தித்துவிட்டால், அவர்களுடைய சம்பாஷணை பெட்ரோல் விலையில் தொடங்கி, லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் கிடைக்கிறது என்பதில் சிறிது நேரம் நின்று, கடைசியில் பெரும்பாலும் ஒரு கேள்வியில் வந்து முடிகிறது. "பிரேக் பேடு எத்தனை ஆயிரம் கிலோமீட்டர் வரும்?" என்பதே அக்கேள்வி. ஒருவர் 25,000 என்பார். மற்றவர், தாம் 70,000 ஓட்டியும் இன்னும் மாற்றவில்லை என்று பெருமிதத்துடன் கூறுவார். கேட்டுக்கொண்டிருக்கும் மூன்றாமவர் எதை நம்புவது என்று திகைப்பார். வேடிக்கை என்னவெனில், அவ்விருவர் கூற்றும் உண்மையாக இருக்கக்கூடும். இரண்டு உண்மைகள் இவ்வளவு தூரம் விலகி நிற்பதற்குக் காரணம் யாது, அவற்றுள் நமக்குப் பொருந்துவது எது என்பதை இவ்வாரம் நேயர்களுடன் சேர்ந்து ஆராய விரும்புகிறோம்.

பள்ளிக்கூடத்தில் பணிபுரியும் நம்மிடம் ஒருவர் வந்து, "ஒரு சாக்குக்கட்டி எத்தனை நாள் வரும்?" என்று கேட்டால் நாம் என்ன விடை சொல்வோம்? எழுதுகிற கையைப் பொறுத்தது. பலகையின் சொரசொரப்பைப் பொறுத்தது. அன்றைய பாடம் கணக்கா, கதையா என்பதைப் பொறுத்தது என்றுதான் சொல்வோம். நாட்களை எண்ணிச் சாக்குக்கட்டியை அளக்க முடியாது. கையில் எடுத்து எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று பார்ப்பதே வழி. பிரேக் பேடின் சங்கதியும் இதுவே. அது ஓடுவதனால் தேய்வதில்லை, நிறுத்துவதனால் தேய்கிறது. ஆகவே ஓடிய தூரத்தைக் கொண்டு அதன் ஆயுளைக் கணிப்பது, வழிநடந்த தூரத்தைக் கொண்டு ஒருவர் எத்தனை முறை உட்கார்ந்தார் என்று ஊகிப்பதைப் போன்றதாகும்.

முதலில் அந்தப் பொருள் எப்படி வேலை செய்கிறதென்பதைக் காண்போம். இக்காலத்து மோட்டார்களின் முன்சக்கரங்களில், சக்கரத்தோடு கூடவே சுழலும் ஓர் இரும்புத் தட்டு உண்டு. அதனை டிஸ்க் என்பர். அத்தட்டின் விளிம்பைக் கவ்வினாற்போலக் காலிப்பர் என்னும் கவ்வி ஒன்று அமர்ந்திருக்கிறது. கவ்வியின் இரு தாடைகளிலும், தட்டுக்கு இப்புறம் ஒன்றும் அப்புறம் ஒன்றுமாக இரண்டு பேடுகள் இருக்கின்றன. வண்டியோட்டி பிரேக்கை மிதித்ததும், குழாய்களில் நிறைந்திருக்கும் பிரேக் ஆயில் அந்த அழுத்தத்தைச் சக்கரங்களுக்குக் கொண்டு செல்கிறது. மூடிய கலத்திலுள்ள திரவத்தின்மீது கொடுக்கும் அழுத்தம் எல்லாத் திசைகளிலும் சமமாகப் பரவும் என்று பதினேழாம் நூற்றாண்டில் பிரான்ஸ் தேசத்து அறிஞர் பாஸ்கல் கண்ட விதியை நம் மாணவர்கள் மனப்பாடமாக ஒப்பிப்பார்கள். அவ்விதிதான் காலின் சிறு மிதியை நான்கு சக்கரங்களிலும் பெரும் பிடியாக மாற்றுகிறது. பேடுகள் இரண்டும் சுழலும் தட்டை இருபுறமும் இறுக்குகின்றன, உராய்வு உண்டாகிறது, வண்டி நிற்கிறது.

பேடு என்பது ஓர் எஃகுத் தகட்டின்மேல் ஒட்டப்பட்ட உராய்வுக் கட்டை. பிசினும், உலோக இழைகளும், கிராபைட்டும், வேறு பல பொடிகளும் சேர்த்து, அழுத்திச் சூடேற்றிச் செய்யப்படுவது. டிஸ்க்கைவிட இது எளிதில் தேயும்படியாக வேண்டுமென்றே அமைக்கப்பட்டிருக்கிறது. இரு பொருள்கள் உராயுமிடத்தில் ஏதேனும் ஒன்று தேய்ந்தே தீரவேண்டும். அப்படித் தேய்வது விலை குறைந்ததாகவும், எளிதில் மாற்றத் தக்கதாகவும் இருக்கட்டும் என்பது யந்திர நிபுணர்களின் தீர்மானம். எனவே பேடு தேய்ந்துவிட்டதே என்று வருந்துவது முறையன்று. அது தன் கடமையைச் செய்திருக்கிறது. கடமையை முடித்த பின்னரும் நாம் அதனை விடுதலை செய்யாமல் வைத்திருப்பதுதான் பிழை.

இந்தத் தேய்மானம் மோட்டார் வண்டி பிறந்த நாளிலேயே கூடப் பிறந்தது. ஜெர்மனி தேசத்துக் கார்ல் பென்ஸ் தம்முடைய மோட்டார் வண்டிக்கு 1886-ஆம் ஆண்டில் உரிமைப் பத்திரம் பெற்றார். ஆனால் அவ்வண்டி நெடுந்தூரம் ஓடுமா என்பதில் ஜனங்களுக்கு நம்பிக்கை பிறக்கவில்லை. அவருடைய மனைவி பெர்த்தா பென்ஸ் அம்மையார் 1888-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில், கணவரிடம் சொல்லாமலே, தம் புதல்வர் இருவரையும் ஏற்றிக்கொண்டு மன்ஹைம் நகரத்திலிருந்து தம் தாய் வீடு இருந்த ஃபோர்ட்ஸ்ஹைம் வரையில் சுமார் 100 கிலோமீட்டர் பிரயாணம் செய்தார். வழியிலே எரிபொருள் தீர்ந்தபோது ஒரு மருந்துக் கடையில் வாங்கி ஊற்றினார். இறக்கங்களில் பிரேக் கட்டைகள் தேய்ந்து பிடிப்புக் குறைந்தபோது அம்மையார் கலங்கவில்லை. ஒரு செருப்புத் தைப்பவரைக் கண்டுபிடித்து, கட்டைகளின்மேல் தோலை வைத்து ஆணி அடிக்கச் சொன்னார். உலகத்தின் முதல் நெடுந்தூர மோட்டார் பிரயாணத்திலேயே பிரேக்கும் தேய்ந்தது; பிரேக்குக்கு மேலுறையும் பிறந்தது. கட்டைக்குப் பதிலாக, அதன்மீது போட்ட உறையே தேயட்டும் என்ற அம்மையாரின் யுக்திதான் இன்றைய பேடுக்கும் மூலம்.

பிறகு வந்தவர்கள் அந்தத் தோலைவிட உறுதியான பொருளைத் தேடினார்கள். இங்கிலாந்தில் ஹெர்பர்ட் ஃப்ரூட் என்பவர் 1897-ஆம் ஆண்டில் இதற்கெனவே ஒரு தொழிலைத் தொடங்கினார். அவருடைய பெயரின் எழுத்துக்களை மாற்றியமைத்து, மனைவி எலிசபெத்தின் பெயரிலிருந்து ஓர் எழுத்தைச் சேர்த்து உண்டாக்கிய 'ஃபெரோடோ' என்ற பெயரை இன்றும் பேடு விற்கும் கடைகளில் காணலாம். அந்நாட்டின் லான்செஸ்டர் 1902-ஆம் ஆண்டில் டிஸ்க் பிரேக்குக்கு உரிமை பெற்றார். ஆயினும் அதற்குப் பொருத்தமான உராய்வுப் பொருள் அக்காலத்தில் கிடைக்காமையால், அம்முறை பரவுவதற்கு அரை நூற்றாண்டு காத்திருக்க வேண்டியதாயிற்று. 1953-ஆம் ஆண்டு பிரான்ஸின் லெ மான் பந்தயத்தில் டிஸ்க் பிரேக் பூட்டிய ஜாகுவார் வண்டி வென்ற பின்னரே உலகம் அதன் பெருமையை உணர்ந்தது. நமது சென்னையின் பாடியிலும் அம்பத்தூரிலும் 1960-ஆம் ஆண்டுகள் முதலே பிரேக் உறுப்புகள் தயாராகி வருகின்றன என்பதையும் இங்கே சொல்லி வைப்போம்.

இனி, தேய்மானத்துக்கு உண்மையான காரணமாகிய உஷ்ணத்துக்கு வருவோம். ஓடுகிற வண்டியிடம் இயக்க ஆற்றல் இருக்கிறது. நிறுத்தும்போது அவ்வாற்றல் மறைந்து போவதில்லை. அனைத்தும் உஷ்ணமாக மாறி டிஸ்க்கிலும் பேடிலும் தங்குகிறது. ஆட்களோடு சேர்த்து 1,500 கிலோகிராம் எடையுள்ள வண்டி மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வருகிறதென்று வைத்துக்கொள்வோம். கணக்குப் போட்டுப் பார்த்தால் அதனை ஒருமுறை முழுவதும் நிறுத்துவதில் பிறக்கும் உஷ்ணம், அறையின் வெப்பநிலையிலுள்ள சுமார் 700 மில்லிலிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமானது. அதாவது, நான்கு பேருக்குக் காப்பி போடத் தேவையான வெந்நீர்! சிவப்பு விளக்கு ஒவ்வொன்றிலும் நாம் இப்படி ஒரு பாத்திரம் வெந்நீர் வைத்து இறக்குகிறோம்.

இன்னொரு விஷயமும் உண்டு. வேகம் இரு மடங்கானால் இந்த உஷ்ணம் நான்கு மடங்காகும். 40-இல் வருபவர் நிறுத்துவதைக் காட்டிலும் 80-இல் வந்து நிறுத்துபவர் நான்கு மடங்கு உஷ்ணத்தைப் பேடின் தலையில் கட்டுகிறார். பேடிலுள்ள பிசின் ஓர் அளவு வரையில்தான் உஷ்ணத்தைத் தாங்கும். அவ்வளவைக் கடந்தால் தேய்மானம் விரைந்து ஏறும். ஆதலால் பத்து நிதானமான நிறுத்தங்களைக் காட்டிலும் இரண்டு மூன்று அவசர நிறுத்தங்கள் அதிகம் தேய்ப்பதுண்டு.

இப்பொழுது நம் இரு அன்பர்களின் வழக்குத் தீர்ந்துவிடுகிறது. 70,000 ஓட்டியவர் பெரும்பாலும் சென்னையிலிருந்து திருச்சிக்கு நெடுஞ்சாலையில் சென்று வருபவராயிருப்பார். மணிக்கணக்கில் பிரேக்கின் மீது கால் வைக்க வேண்டிய அவசியமே அவருக்கு இராது. 25,000-இல் மாற்றியவர் நகரத்தின் நெரிசலில், பஸ்ஸுக்குப் பின்னால் நகர்ந்தும் நின்றும், நின்றும் நகர்ந்தும் அலுவலகம் செல்பவர். அல்லது முன்னே செல்லும் வண்டியின் வாலைத் தொட்டுக்கொண்டே ஓட்டி, ஐந்து விநாடிக்கு ஒருமுறை மிதிப்பவர். எடை மிகுந்த வண்டியும், எப்போதும் ஆட்களை நிறைத்துச் செல்லும் வாடகை வண்டியும் விரைவில் தேய்க்கும். முன்சக்கரப் பேடுகள் பின்சக்கரத்தவற்றைவிட முந்தித் தேய்வதும் இயல்பே. நிறுத்தும்போது வண்டியின் பாரம் முன்புறம் சாய்வதால் பெரும்பங்கு வேலை முன்சக்கரங்களையே சேர்கிறது. மின்சார மோட்டார் வண்டிகளில் வேகத்தைக் குறைக்கும் வேலையின் ஒரு பகுதியை மோட்டாரே செய்து மின்சாரமாகத் திருப்பிக்கொள்வதால், அவற்றில் பேடுகள் நெடுநாள் வரும். ஆனால் அங்கே வேலையின்மையால் டிஸ்க் துருப்பிடிக்கும் தொல்லை உண்டாதலால், அவற்றையும் பாராமல் விடலாகாது.

இவ்வளவும் சமவெளியின் கதை. மலைச்சாலையின் கதை வேறு. நமது மாகாணத்துக் குடும்பங்கள் கோடை விடுமுறையில் உதகைக்கும், வால்பாறைக்கும், கொல்லிமலைக்கும் செல்வதை விரும்புகின்றன. ஆழியாற்றிலிருந்து வால்பாறைக்கு ஏறும் சாலையில் 40 கொண்டை ஊசி வளைவுகள். கொல்லிமலைச் சாலையில் 70. ஏறும்போது என்ஜின் உழைக்கிறது. இறங்கும்போது பிரேக் உழைக்கிறது. உதகை கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து மேட்டுப்பாளையம் வருவதற்குள் வண்டி ஏறக்குறைய 1,900 மீட்டர் இறங்குகிறது. முன் சொன்ன 1,500 கிலோகிராம் வண்டி அவ்வளவு உயரம் இறங்குவதில் வெளிப்படும் ஆற்றலைக் கணக்கிட்டால், அது 90 லிட்டருக்கு மேற்பட்ட தண்ணீரைக் கொதிக்கவைக்கப் போதும். ஒன்றரை மணி நேரத்தில் இறங்குவதாக வைத்துக்கொண்டால், அந்த நேரம் முழுவதும் ஐந்து மின்சார இஸ்திரிப் பெட்டிகளை ஓயாமல் எரிய விட்டதற்கு அது சமானம்.

இந்த ஆற்றலில் ஒரு பங்கைச் சாலையின் உராய்வும் காற்றும் ஏற்றுக்கொள்ளும். எஞ்சியதை யார் சுமப்பது? வண்டியோட்டி தாழ்ந்த கியரில் இறங்கினால் என்ஜின் பெரும்பகுதியைச் சுமக்கும். உயர்ந்த கியரிலோ, கியரே இல்லாமல் நியூட்ரலிலோ இறங்கினால் முழுவதும் பிரேக்கின் தலையில் விழும். 'எந்தக் கியரில் ஏறினாயோ அந்தக் கியரில் இறங்கு' என்று மலைச்சாலையில் பழகிய டிரைவர்கள் சொல்வது அனுபவத்தில் விளைந்த பெளதிக சாஸ்திரம். நீலகிரி மலை ரயிலில் பெட்டிதோறும் பிரேக் பிடிப்பதற்கென்றே ஊழியர் ஒருவர் நிற்பதை நேயர்கள் பார்த்திருக்கலாம். மலையில் இறங்குவதை அத்துறையினர் எவ்வளவு மதித்து நடத்துகிறார்கள் என்பதற்கு அது சாட்சி.

நியூட்ரலில் இறங்கினால் பெட்ரோல் மிச்சமாகும் என்றொரு நம்பிக்கை சிலரிடையே வேரூன்றியிருக்கிறது. இக்காலத்து என்ஜின்களில், வண்டி கியரில் இருக்கையில் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால், எரிபொருள் செல்வது தானாகவே நின்றுவிடும். நியூட்ரலிலோ என்ஜின் அணையாதிருப்பதற்காகச் சிறிது எரிபொருளைக் குடித்துக்கொண்டே இருக்கும். ஆகவே அச்சிக்கனம் சிக்கனமுமன்று. ஆபத்து மட்டுமே மிச்சம். என்ஜினையே அணைத்துவிட்டு இறங்குவது அதனினும் கொடிது. காலின் மிதிக்குத் துணையாயிருக்கும் சக்தி சில மிதிகளிலேயே தீர்ந்துபோய், பெடல் கல்லைப்போல் இறுகிவிடும்.

பிரேக்கை விடாமல் மிதித்து இறங்கினால் என்ன நேரும்? பேடு அளவு கடந்து சூடேறி உராய்வுத் திறனை இழக்கிறது. மிதித்தாலும் பிடிக்காது; ஒருவிதக் கருகல் நாற்றம் எழும். மேலும் பிரேக் ஆயில் நாளடைவில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும் குணமுடையது. டாட் 4 என்னும் வகை ஆயில் புதியதாயிருக்கும்போது 230 டிகிரி சென்டிகிரேடுக்குக் குறையாமல் தாங்கவேண்டும் என்பது நியதி. ஈரம் ஏறியபின் அந்த வரம்பு 155 டிகிரியாகத் தாழ்ந்துவிடுகிறது. பழைய ஆயில் சூட்டில் கொதித்து ஆவியானால், பெடல் தரைவரையில் அமுங்கும், வண்டி நிற்காது. பேடுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். பெரிய சம்பந்தம் உண்டு. டிஸ்க்கின் உஷ்ணம் ஆயிலை எட்டாதபடி நடுவே நின்று காக்கும் சுவரும் பேடுதான். சுவர் மெலிந்தால் உஷ்ணம் உள்ளே புகும். "இன்னும் கொஞ்சம் இருக்கிறதே, முழுவதும் தேயட்டுமே" என்பவர்களுக்கு நாம் சொல்லக்கூடிய தலையாய விடை இதுதான். கடைசி இரண்டு மில்லிமீட்டர் தேய்ப்பதற்காக வைத்ததன்று. நம்மைக் காப்பதற்காக வைத்தது.

ஆகையால், மாற்றவேண்டிய காலத்தைக் கிலோமீட்டரால் அளவாமல் மில்லிமீட்டரால் அளக்கவேண்டும். புதிய பேடில் உராய்வுக் கட்டையின் கனம் பொதுவாக 10 முதல் 12 மில்லிமீட்டர் வரையில் இருக்கும். பின்னாலுள்ள எஃகுத் தகட்டைச் சேர்க்காமல் இதை அளக்கவேண்டும். தகட்டையும் சேர்த்து அளந்து ஏமாறுபவர்கள் பலர். கனம் 3 மில்லிமீட்டருக்கு வந்ததும் மாற்றிவிடுவது விவேகம். 2 மில்லிமீட்டருக்குக் கீழே ஓட்டுவது அபாயம். தம் வண்டியின் கையேட்டில் இதைவிட அதிக அளவு குறிக்கப்பட்டிருந்தால் அதையே பின்பற்றவேண்டும். இதற்கு நுட்பமான கருவி ஒன்றும் வேண்டுவதில்லை. பள்ளிச் சிறுவனின் ஜியாமெட்ரி பெட்டியில் கிடக்கும் அளவுகோலில் மூன்று சிறு கோடுகள்தாம் கணக்கு.

பார்ப்பது எப்படி? சமதளத்தில் வண்டியை நிறுத்தி, நன்றாக ஆறவிட்டு, சக்கரத்தின் இடைவெளி வழியே டார்ச் விளக்கை அடித்தால் பல வண்டிகளில் வெளிப்புறப் பேடு தெரியும். ஆனால் வெளிப்புறத்தை மட்டும் பார்த்துத் திருப்தி அடையலாகாது. காலிப்பர் நகரும் ஊசிகள் துருவேறி இறுகிவிட்டால், உட்புறப் பேடு மாத்திரம் விரைந்து தேயும். வெளியே ஆறு மில்லிமீட்டரும் உள்ளே ஒன்றுமாக இருப்பது அபூர்வமன்று. ஆகவே டயர்களை இடம் மாற்றும்போதும், சர்வீஸுக்கு விடும்போதும் சக்கரத்தைக் கழற்றி உட்புறத்தையும் பார்க்கும்படி மெக்கானிக்கிடம் வற்புறுத்திச் சொல்லவேண்டும். கூடுமானால் அருகில் நின்று காட்டச் சொல்லவேண்டும். பின்சக்கரங்களில் டிரம் உள்ள வண்டிகளில், உள்ளே இருக்கும் பிரேக் ஷூக்களை டிரம்மைக் கழற்றினால்தான் காணமுடியும்.

பாராதவர்களுக்கும் பிரேக் சில எச்சரிக்கைகளை விடுக்கிறது. பல பேடுகளில் மெல்லிய எஃகு நாக்கு ஒன்று பொருத்தப்பட்டிருக்கும். கனம் குறைந்ததும் அது டிஸ்க்கைத் தொட்டு, 'கீச்' என்று இடைவிடாமல் கூவும். சில வண்டிகளில் எச்சரிக்கை விளக்கு எரியும். மழை பெய்த மறுநாள் காலையில் முதல் இரண்டு மிதிகளில் எழுந்து மறையும் கரகரப்பு மேல்துருவின் சத்தம்; அதற்குப் பயப்பட வேண்டாம். தினந்தோறும் தொடரும் கீச்சொலிக்குச் செவி சாய்க்கவேண்டும். அதற்கும் செவி சாய்க்காதவர்களுக்கு இரும்போடு இரும்பு உரசும் கொரகொரப்பு கேட்கும். அப்போது கட்டை முழுவதும் தீர்ந்து, எஃகுத் தகடே டிஸ்க்கை அறுக்கிறது என்று பொருள். பேடுக்குக் கொடுக்க மனமில்லாதவர் அன்று டிஸ்க்குக்கும் சேர்த்துக் கொடுப்பார்.

மற்றோர் அடையாளம் பிரேக் ஆயில் கலத்தில் தெரியும். பேடு தேயத் தேயக் காலிப்பரிலுள்ள பிஸ்டன் முன்னே நகர்கிறது. அவ்விடத்தை நிரப்ப ஆயில் செல்வதால் கலத்தில் மட்டம் மெதுவாகத் தாழ்கிறது. மட்டம் தாழ்ந்ததைக் கண்டவுடன் மேலே ஊற்றி நிரப்பிவிடுவது, காய்ச்சல்காரனின் வெப்பமானியைக் குளிர்ந்த நீரில் நனைப்பதற்கு ஒப்பாகும். முதலில் பேடைப் பார்க்கவேண்டும்; ஏதேனும் கசிகிறதா என்றும் பார்க்கவேண்டும். மிதிக்கும்போது வண்டி ஒரு பக்கம் இழுத்தாலும், பெடல் நடுங்கினாலும், முன்பைவிட ஆழமாக அமுங்கினாலும் காலதாமதம் செய்யாமல் பட்டறைக்குக் கொண்டு செல்வது கடமை.

நம்முடைய தொழிலுக்கு ஏற்ப ஒரு சிறு கணக்கும் சொல்கிறோம். புதிதில் 11 மில்லிமீட்டர் இருந்த பேடு, 18,000 கிலோமீட்டர் ஓடியபின் 8 மில்லிமீட்டர் இருக்கிறது. தேய்ந்தது 3 மில்லிமீட்டர். ஆகவே ஒரு மில்லிமீட்டருக்கு 6,000 கிலோமீட்டர். மாற்றும் அளவாகிய 3 மில்லிமீட்டரை எட்ட இன்னும் 5 மில்லிமீட்டர் உண்டு. 6,000-ஐ ஐந்தால் பெருக்க 30,000. எனவே மொத்தம் 48,000 ஆகும் சமயத்தில் மாற்ற நேரிடும் என்று எதிர்பார்க்கலாம். ஐந்தாம் வகுப்புப் பிள்ளை போடும் நேர்விகிதக் கணக்கு! இதில் வரும் விடை அந்த வண்டிக்கும், அந்தச் சாலைக்கும், அந்தக் காலுக்கும் மட்டுமே உரியது. வண்டியோட்டுபவர் மாறினாலும், உத்தியோகம் நெடுஞ்சாலையிலிருந்து நகரத்துக்கு மாறினாலும் கணக்கை மறுபடியும் போடவேண்டும். 10,000 கிலோமீட்டருக்கு ஒருமுறையோ, ஆண்டுக்கு ஒருமுறையோ, எது முந்துகிறதோ அப்போது அளந்து குறித்து வருவது நலம். பால் கணக்கும் சலவைக் கணக்கும் எழுதிவைக்கும் வீடுகளில், அதே நோட்டுப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் தேதி, கிலோமீட்டர், நான்கு சக்கரங்களின் கனம் என்று ஒரு வரி சேர்ப்பது பெரிய சிரமமாகாது. இக்கணக்கு கையில் இருந்தால், வேண்டாத காலத்தில் மாற்றச் சொல்லும் பட்டறைக்கும் நாம் ஏமாறமாட்டோம். வேண்டிய காலத்தில் மாற்றச் சொல்லும் நல்ல மெக்கானிக்கைச் சந்தேகிக்கவும் மாட்டோம்.

மாற்றும்போது கவனிக்க வேண்டியவை சில. ஒரு பக்கத்துச் சக்கரத்துக்கு மட்டும் மாற்றுவது கூடாது. வலமும் இடமும் சேர்த்தே மாற்றவேண்டும். இல்லாவிடில் பிடிப்பு ஏறுமாறாகி வண்டி பக்கவாட்டில் இழுக்கும். டிஸ்க்கின் கனத்தையும் அளக்கச் சொல்லவேண்டும். இதற்குக் குறையக்கூடாது என்ற அளவு பெரும்பாலும் அதன்மேலேயே பொறிக்கப்பட்டிருக்கும். போலிச் சரக்கு மலிவாகக் கிடைக்கும். முத்திரையும் பெட்டியும் சரியாக உள்ள, நம்பத்தக்க கடைச் சரக்கையே வாங்கவேண்டும். பிரேக் ஆயிலை இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றுவது நலம். முற்காலத்தில் இக்கட்டைகளில் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருந்தது. அதன் தூசி நுரையீரலுக்குக் கொடிய கேடு விளைவிப்பது. எந்தப் பேடாயினும் அதன் தூசியை வாயால் ஊதவோ, காற்றுக் குழாயால் அடிக்கவோ விடாமல், ஈரத் துணியால் துடைக்கச் செய்வது மெக்கானிக்குக்கும் நமக்கும் க்ஷேமம்.

புதிய பேடு பூட்டியவுடன் வண்டியை எடுத்துக்கொண்டு பறக்கலாகாது. பூட்டும்போது பிஸ்டனைப் பின்னுக்குத் தள்ளியிருப்பார்கள். ஆதலால் முதல் மிதி வெறுமையாகப் போகும். நின்ற இடத்திலேயே பெடலைப் பலமுறை அமுக்கி, அது இறுகிய பின்னரே நகரவேண்டும். முதல் முந்நூறு கிலோமீட்டர் வரையில், திடீர் நிறுத்தங்களைத் தவிர்த்து நிதானமாக ஓட்டினால், பேடும் டிஸ்க்கும் ஒன்றுக்கொன்று படிந்து நன்றாகப் பழகிக்கொள்ளும்.

முடிவாக ஒரு வார்த்தை. வண்டியின் மற்ற உறுப்புகள் பழுதுற்றால் பெரும்பாலும் நஷ்டம் வண்டிக்காரருடையது. என்ஜின் நின்றால் அவர் நடப்பார். விளக்கம்மா போல் மின்னும் வர்ணம் மங்கினால் அவர் மனம் வருந்தும். பிரேக் ஒன்றுதான் பிறருக்காகப் பூட்டப்பட்டது. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி ஒரு விநாடியில் 16 மீட்டருக்கு மேல் பாய்ந்துவிடுகிறது. சாலையைக் கடக்கும் முதியவரும், பந்தின் பின்னே ஓடிவரும் குழந்தையும் நம் பேடின் கனத்தை அளந்து பார்த்துவிட்டு வருவதில்லை. அது இருக்கும் என்ற நம்பிக்கையிலேயே அடி எடுத்து வைக்கிறார்கள். பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிச் செல்லும் வான்களையும், மலைக்குச் செல்லும் வாடகை வண்டிகளையும் பற்றி இது இன்னும் அதிகமாகப் பொருந்தும். "பிரேக் சத்தம் போடுகிறது, ஐயா" என்று சம்பளக்கார டிரைவர் சொல்லும்போது, "அடுத்த மாதம் பார்க்கலாம்" என்று விடையளிக்கும் முதலாளி, யாருடைய உயிரைத் தவணையில் வைக்கிறார் என்பதைச் சற்றே எண்ணிப் பார்க்கவேண்டும். வாடகைக்கு வண்டி அமர்த்தும் குடும்பத்தார், "ஏ.ஸி. உண்டா?" என்று விசாரிக்கும்போதே, "பிரேக் பேடு எப்போது பார்த்தீர்கள்?" என்றும் ஒரு வார்த்தை கேட்டுவிடலாம். கேட்பதற்கு ஆள் இருக்கிறதென்று தெரிந்தால் பார்ப்பதற்கும் ஆள் உண்டாகும்.

அடுத்த மலைப் பிரயாணத்துக்கு மூட்டை கட்டுமுன், நேயர்கள் சக்கரத்தைக் கழற்றச் சொல்லி ஒரு தடவை பார்த்துவிடுவார்களென நம்புகிறோம். மூன்று சிறு கோடுகளுக்கு மேல் இருந்தால் மகிழ்ச்சியுடன் புறப்படலாம். இல்லையேல் ஒரு நாள் தாமதித்துப் புறப்படலாம். மலை எங்கும் போய்விடாது.